தங்கையின் நிச்சயதார்த்தத்தில் பேச வேண்டும், அப்பாவைப் பற்றி எப்படிச் சொல்வது?

கேள்வி: பாலையம்பட்டி அக்கா

எல்லோருக்கும் வணக்கம். ஆவணி முதல் ஞாயிறு அன்று என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. அருப்புக்கோட்டையில் ஒரு சின்ன மண்டபம் பேசியிருக்கிறோம். இரண்டு பக்கமும் சேர்த்து இருநூறு பேர் வருவார்கள். மாப்பிள்ளை வீடு கோவில்பட்டி. அந்தச் சபையில் நான் எழுந்து நின்று இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று தங்கை கேட்டிருக்கிறாள். "அப்பா இருந்தா அவர் பேசியிருப்பார். நீ பேசுக்கா" என்றாள். புடவை, நகை, சாப்பாடு எதைப் பற்றியும் அவள் வாய் திறக்கவில்லை. இது ஒன்றைத்தான் கேட்டாள்.

எனக்கு முப்பத்தாறு வயது. கோவையில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை. மைக் பிடித்துப் பேசியதே இல்லை. ஆனால் என் பயம் மைக் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அப்பா, அம்மா பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். மதுரை அருப்புக்கோட்டை வண்டியில்தான் அதிக வருடம் இருந்தார். எங்கள் வீடு பாலையம்பட்டி நிறுத்தத்துக்குப் பின் தெருவில். சாயந்திர ட்ரிப்பில் வண்டி எங்கள் நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும்போது அவருடைய இரட்டை விசில் வீடு வரைக்கும் கேட்கும். வேறு கண்டக்டர் விசிலுக்கும் அவர் விசிலுக்கும் வித்தியாசம் தங்கைக்குத் தெரியும். நான்கு வயதிலேயே தெரியும். அதைக் கேட்டதும் அம்மாவிடம் ஓடிப்போய், "அப்பா போறாரும்மா" என்பாள். அப்பா டிப்போவில் கணக்கை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வர இரவு பத்து ஆகும்.

அம்மா பூ கட்டுவாள். மல்லி, பிச்சி, காலத்துக்கு ஏற்ற மாதிரி. மத்தியானம் உட்கார்ந்து கட்டி, சாயந்திரம் கோயில் வாசலில் முழம் போட்டு விற்பாள். கல்யாணம், நிச்சயம் என்றால் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் தெருவில் நிச்சயம் ஆன பெண்களில் முக்கால்வாசிப் பேர் தலையில் இருந்தது அம்மா கட்டிய பூதான்.

பூ விற்ற சில்லறையை இரவில் தங்கைதான் அடுக்குவாள். ஒரு ரூபாய் பத்து ஒரு அடுக்கு, இரண்டு ரூபாய் ஐந்து ஒரு அடுக்கு என்று தரையில் கோபுரம் கோபுரமாக வைப்பாள். கண்டக்டருக்குக் காலையில் முதல் ட்ரிப்புக்குச் சில்லறை இல்லையென்றால் எவ்வளவு பாடு என்று பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரியும். அப்பா அந்த அடுக்குகளை எண்ணி எடுத்துக்கொண்டு, அதற்கு நோட்டாக அம்மா கையில் கொடுப்பார். ஒரு நாள்கூட அவர் எண்ணாமல் எடுத்ததில்லை. "என் பொண்ணு கணக்கு சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் பையில் போடுவார்.

2019 ஐப்பசியில் அப்பா இறந்துபோனார். அன்றிலிருந்து அம்மா பூ வைப்பதில்லை. கட்டுவாள், விற்பாள். வைக்க மாட்டாள்.

இப்போது என் சிக்கல். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, நான் பேசப் போகிறேன் என்று தெரிந்ததும் போன் செய்தார்கள். "பேசு, வேண்டாம்னு சொல்லல. ஆனா நல்ல காரியத்துல போனவங்களைப் பத்திப் பேசி சபையைக் கண்ணீர் விட வைக்காதே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முகம் சுளிப்பாங்க" என்றார்கள். அத்தை கெட்டவர்கள் இல்லை. அப்பா போனபோது பதினாறு நாளும் எங்களோடு இருந்தவர்கள். அதனால்தான் அந்தச் சொல் எனக்குள்ளேயே நிற்கிறது.

அடுத்தது அம்மா. பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்கார்ந்து தட்டு மாற்றட்டும், தான் உள்ளே சாமான் அறையில் இருந்துகொள்வதாகச் சொல்கிறாள். யாரும் அவளை அப்படிச் சொல்லவில்லை. அவளாகவே சொல்கிறாள். தன் மகள் நிச்சயத்தில் அவள் சாமான் அறையில் உட்கார்ந்திருக்க, நான் மேடையில் நின்று எதைப் பேசுவது?

எழுதிப் பார்த்தேன். நான்கு தாள் கிழித்துப்போட்டேன். "அப்பா இன்று நம்மோடு இல்லை" என்ற வரி வரும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது. தனியாகப் படிக்கும்போதே இப்படி. யூடியூபில் தேடினால் வெளிநாட்டு வீடியோக்கள்தான் வருகின்றன. கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்து வாழ்த்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் சபையில் எப்படி ஆரம்பிப்பது, எந்த இடத்தில் முடிப்பது, எப்போது எழுந்திருப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில்: திருச்சி சித்தி

ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன் அக்கா. போனில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள். என் அக்கா மகன் நிச்சயத்தில் நான் அப்படித்தான் செய்தேன். பாதியில் திரை அணைந்துவிட்டது, திறப்பதற்குள் சமையல்காரரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. விட்ட இடத்தைத் தேடுவதற்குள் சொல்ல வந்த வேகம் போய்விட்டது. கெட்டியான அட்டையில் பெரிய எழுத்தில், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி விட்டு எழுதிக்கொள்ளுங்கள். மெல்லிய தாள் கை நடுங்கினால் தானும் நடுங்கும், அதைப் பார்த்து நமக்கு இன்னும் நடுக்கம் வரும்.


பதில்: சாத்தூர் தமிழாசிரியர்

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். முப்பத்தொரு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். உறவிலும் தெருவிலும் யாருக்கு நிச்சயம் என்றாலும் லக்னப் பத்திரிகை வாசிக்க என்னைத்தான் உட்கார வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

உங்கள் அத்தையின் கவலைக்கு விடை அந்தப் பத்திரிகையிலேயே இருக்கிறது. என்ன வாசிக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். நிகழும் மங்களகரமான இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன நாள் என்று தொடங்கி, இன்னாரின் பேரனும் இன்னாரின் மகனுமாகிய திருநிறைச்செல்வனுக்கும், இன்னாரின் பேத்தியும் இன்னாரின் மகளுமாகிய திருநிறைச்செல்விக்கும் என்று போகும். இறந்தவராக இருந்தால் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று சேர்ப்போம். தாத்தாக்களில் பெரும்பாலோர் காலமானவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் பெயரைச் சொல்லாமல் பத்திரிகை முழுமை பெறாது. போனவர்களின் பெயரைச் சபை நடுவில் உரக்கச் சொல்லித்தான் நம் வீடுகளில் நல்ல காரியமே உறுதியாகிறது. இதை அத்தையிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். உங்கள் அப்பாவின் பெயர் அந்தச் சபையில் எப்படியும் ஒலிக்கப் போகிறது.

அதனால் நீங்கள் பேச வேண்டிய இடமும் அதுதான். பத்திரிகை வாசித்து முடித்ததும், தட்டு மாற்றுவதற்கு முன்னால். அப்பாவின் பெயர் சபையின் காதில் இருக்கும்போதே எழுந்து, "இப்போது வாசித்தார்களே, அந்தப் பெயர் எங்கள் அப்பாவுடையது" என்று தொடங்குங்கள். நீங்களாக அவரைக் கொண்டுவந்ததாக ஆகாது. அவர் ஏற்கெனவே வந்துவிட்டார்.

தட்டு மாற்றிய பிறகு பேசலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். தாம்பூலம் மாறியதும் பாதிச் சபை எழுந்து பந்திக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை என்கிறீர்கள், பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்கும். அதற்குள் தட்டு மாற வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுவார்கள். ஆகவே வாசிப்பை ஒரு பத்து நிமிடம் முன்னதாகவே தொடங்கச் சொல்லி, வாசிக்கிறவரிடமும் பெரியப்பாவிடமும் "எனக்கு மூன்று நிமிடம் வேண்டும்" என்று முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.

பெண்பிள்ளை சபையில் எழுந்து பேசுவதா என்று யாராவது கேட்டால் கலங்க வேண்டாம். அகநானூற்றில் 86ஆம் பாட்டு ஒரு பழைய கல்யாணத்தைச் சொல்கிறது. உளுந்து சேர்ந்த பொங்கல், பந்தல், தரையில் புதுமணல் எல்லாம் இருக்கும். மணமகளை நீராட்டி வாழ்த்துச் சொல்கிறவர்கள் பெண்கள். அப்புறம், உங்கள் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் இருக்கிறதே, 1928இல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்த ஊர் அது. மந்திரம் இல்லாமல், பெரியவர்கள் பேசி வாழ்த்துவதையே கல்யாணத்தின் நடுப்பகுதியாக வைத்த முறை. பிறகு 1967இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, அந்தத் திருமணங்கள் செல்லும் என்று சட்டமன்றத்தில் சட்டமே செய்தார்கள். சபையில் நின்று மனதாரப் பேசி ஒரு கல்யாணத்தை உறுதி செய்வது உங்கள் மண்ணுக்குப் புதிதில்லை.

எழுத்தைப் பற்றி. "இந்த இனிய பொன்னாளில்" என்று தொடங்காதீர்கள். செம்புலப் பெயல்நீர் பாட்டைச் சொல்லத் தோன்றும், வேண்டாம். அது ஒருவரையொருவர் அறியாத இருவர் தாங்களாகச் சந்தித்துச் சேர்ந்த பாட்டு. உங்கள் சபையில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கு அதைவிட நல்ல பொருள் கையில் இருக்கிறது. நீங்கள் எங்களுக்கு எழுதிய கேள்வியிலேயே அது முழுக்க இருக்கிறது. சில்லறை அடுக்கைச் சொல்லுங்கள். அது போதும்.

தொண்டை அடைக்கிறது என்றீர்களே. "அப்பா இல்லை" என்று எழுதுகிற வரியில் நீங்கள் இழப்பைப் பார்க்கிறீர்கள், அதனால் அடைக்கிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். அவர் செய்ததை மட்டும் எழுதுங்கள். பத்து ரூபாய் அடுக்கை அவர் எண்ணி எடுத்தார் என்று சொல்லும்போது உங்கள் கண்முன் அவர் கை தெரியும். குரல் நிற்கும். என் மகள் கல்யாணத்தில் அவள் அம்மாவைப் பற்றி நான் பேசியபோது இப்படித்தான் பேச முடிந்தது.


பதில்: திருமங்கலம் மைக்செட்

அக்கா, நான் மைக்செட், லைட் வேலை பார்க்கிறேன். நிறைய நிச்சயத்தில் நல்ல பேச்சு கெட்டுப்போவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

காலையில் மண்டபத்துக்குப் போனதுமே மைக்செட்காரரைப் பார்த்து, "பத்திரிகை வாசித்ததும் நான் பேசுவேன், அப்போது எக்கோவைக் குறைத்து வையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பாட்டுக்காக எக்கோவை ஏற்றி வைத்திருப்பார்கள். அதே அளவில் பேசினால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல் மேல் விழும், பின்வரிசைக்கு ஒன்றும் புரியாது. கார்ட்லெஸ் மைக் என்றால் புதுப் பேட்டரி போடச் சொல்லுங்கள்.

மைக்கின் தலையில் இருக்கிற வலைப்பகுதியைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள். அப்படிப் பிடித்தால் கூவும். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாலும் கூவும். வாய்க்கு நான்கு விரல் தள்ளி, கொஞ்சம் கீழே, தாடைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அழுகை வருகிற மாதிரி இருந்தால் மைக்கை இடுப்புக்கு இறக்கிவிடுங்கள். மூச்சு இழுக்கிற சத்தம் சபைக்குக் கேட்காது, நீங்கள் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு திரும்ப ஏற்றலாம். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் இதுதான் காப்பாற்றும்.

மேளக்காரரிடமும் ஒரு வார்த்தை. பத்திரிகை வாசித்ததும் வழக்கம்போல மேளத்தைத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் மைக்கைக் கீழே வைத்த பிறகுதான் மேளம் என்று சொல்லி வையுங்கள். உங்கள் பேச்சு முடிந்து கெட்டிமேளம் விழுந்தால் அந்த இடமே வேறு மாதிரி இருக்கும் அக்கா.


பதில்: கும்பகோணம் மகள்

உங்கள் அம்மாவைப் பற்றிப் பேசுவதற்குத்தான் வந்தேன்.

என் நிச்சயதார்த்தத்தில் என் அம்மா தூணுக்குப் பின்னால் நின்றாள். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. யாரும் அவளைத் தள்ளி நிறுத்தவில்லை, உங்கள் அம்மா மாதிரியே தானாக நின்றுகொண்டாள். ஆல்பத்தில் ஒரே ஒரு படத்தில் அம்மாவின் பாதி முகம் தூணுக்கு வெளியே தெரிகிறது. அந்தப் படத்தை இன்றைக்கும் என்னால் நிதானமாகப் பார்க்க முடிவதில்லை. அன்றைக்கு அந்தத் தூணுக்குப் பின்னால் போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவர எனக்குத் தோன்றவில்லை.

தம்பிக்கு நிச்சயம் வந்தபோது வேறு மாதிரி செய்ய வேண்டும் என்று இருந்தேன். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மைக்கில் திடீரென்று "அம்மா, மேடைக்கு வாங்க" என்று கூப்பிட்டுவிடாதீர்கள். நமக்கு அது அன்பு. அவளுக்கு இருநூறு கண்கள். வரவும் முடியாது, வராமல் இருக்கவும் முடியாது. முதலில் அம்மாவிடம் கேளுங்கள். ஒரே நாளில் சரி என்று சொல்ல மாட்டாள். என் அம்மாவிடம் மூன்று இரவு பேசினேன். "நான் தொட்டு அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று கேட்டாள். இத்தனை வருடமாக அந்தப் பயத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் தள்ளி நின்றிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் ஏதோ கௌரவம், வழக்கம் என்று நினைத்திருந்தோம்.

அம்மா சம்மதித்த பிறகு சம்பந்தி வீட்டில் பேசுங்கள். போனில் வேண்டாம், முடிந்தால் நேரில். அனுமதி கேட்கிற மாதிரி கேட்காதீர்கள். "எங்கள் வீட்டில் இப்படிச் செய்யப் போகிறோம், உங்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று வந்தேன்" என்று சொல்லுங்கள். தம்பி மாமியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க அம்மாவும் அப்படித்தான் உள்ளயே இருந்தாங்க" என்றார்கள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

உங்கள் அம்மா பூ கட்டுகிறவர்கள் என்கிறீர்கள். தங்கைக்கு வைக்கப்போகிற பூவை யார் கட்டப் போகிறார்கள்?


பாலையம்பட்டி அக்கா

கும்பகோணத்துத் தோழிக்கு: அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மாதான் கட்டப் போகிறாள். வேறு யாரையும் கட்ட விட மாட்டாள்.

சனிக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அவளும் அதே பயத்தைத்தான் வேறு வார்த்தையில் சொன்னாள். "நீ கட்டுற பூவை எத்தனை பொண்ணுங்களுக்குக் குடுத்திருக்கே, அதுல யாருக்காவது ஏதாவது ஆச்சாம்மா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, பூவைக் கட்டிக்கொண்டே இருந்தாள். மறுநாள் நான் கோவைக்குக் கிளம்பும்போது, "தட்டெல்லாம் வேண்டாம். பூவை மட்டும் எடுத்துக் குடுக்கறேன்" என்றாள்.

அடுத்த வாரம் கோவில்பட்டி போகிறேன். முடிந்ததும் எழுதுகிறேன்.


பாலையம்பட்டி அக்கா

நேற்று நல்லபடியாக முடிந்தது. உதவி செய்த எல்லோருக்கும் முழுக்கச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்க்கப் போனபோது, ஆசிரியர் ஐயா சொன்னதையும் தோழி சொன்னதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் போனேன். அவர்கள் வீட்டில் கடலைமிட்டாய் போடுகிறார்கள், பாகின் வாசம் வாசல் வரை இருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்களே, "பூ வைக்கறது நான்தானே? அதை உங்க அம்மா கையால குடுத்தா நான் வாங்கி வைக்கறேன். இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு" என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் பேச்சின் கடைசி வரி எனக்குக் கிடைத்தது.

அத்தையிடம் லக்னப் பத்திரிகை விஷயத்தைச் சொன்னேன். "வாசிக்கறது வேற, பேசறது வேற" என்றார்கள். சரி, அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

காலையில் மைக்செட்காரரிடம் எக்கோவைக் குறைக்கச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மேளக்காரரிடமும் சொல்லி வைத்தேன். பத்தே முக்காலுக்குப் பத்திரிகை வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒன்பது தட்டு எங்கள் பக்கம், பதினொரு தட்டு அவர்கள் பக்கம், அதில் ஒன்று நிறையக் கடலைமிட்டாய். தெய்வத்திரு என்று சொல்லி அப்பா பெயரை வாசித்ததும் எழுந்து நின்றேன். அட்டையில் எழுதி வைத்திருந்தது இதுதான்:

"சபையில் இருக்கிற பெரியவர்களுக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம். நான் பெண்ணோட அக்கா. இப்போது வாசித்தார்களே, அந்தப் பெயர் எங்கள் அப்பாவுடையது. மதுரை வண்டியில் கண்டக்டராக இருந்தார். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்திருப்பார். தினமும் இரவில் அம்மா பூ விற்ற சில்லறையை என் தங்கை தரையில் அடுக்கி வைப்பாள். ஒரு ரூபாய் பத்து ஓர் அடுக்கு. அப்பா ஒவ்வொரு அடுக்காக எண்ணிவிட்டு, என் பொண்ணு கணக்கு சரியா இருக்கு என்று சொல்லித்தான் பையில் போடுவார். அவளுக்கு அப்போது ஆறு வயது. இன்றைக்கும் அவள் அப்படித்தான். எதை எடுத்தாலும் ஒழுங்காக அடுக்குவாள், யாரையும் குறைத்து எண்ண மாட்டாள். மாப்பிள்ளை, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவள் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தால் சரியாக இருக்கிறது என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். எங்கள் அப்பா தினமும் சொன்னது அது. கேட்டு வளர்ந்தவள் அவள். அத்தை, உங்கள் வீட்டுக்கு அவளை நாங்கள் முழு மனதோடு அனுப்புகிறோம். இந்த ஊரில் எத்தனையோ பெண்களுக்கு எங்கள் அம்மா பூ கட்டிக் கொடுத்திருக்கிறாள். இன்று கட்டியிருப்பது தன் பெண்ணுக்கு. அம்மா, அந்தப் பூவை எடுத்து அத்தை கையில் கொடும்மா."

அப்பாவைப் பற்றிய பகுதியில் குரல் அசையவே இல்லை ஐயா. நீங்கள் சொன்னது போலவே அவர் கை தெரிந்தது. ஆனால் "எங்கள் அப்பா தினமும் சொன்னது அது" என்ற இடத்தில் மாப்பிள்ளை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அங்கே தொண்டை அடைத்தது. பயிற்சி செய்தபோது ஒரு முறைகூட அந்த இடத்தில் அடைத்ததில்லை. திருமங்கலத்துத் தம்பி சொன்ன மாதிரி மைக்கை இடுப்புக்கு இறக்கினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. மூன்று மூச்சு விட்டு, திரும்ப ஏற்றி மிச்சத்தைச் சொன்னேன்.

அம்மா சாமான் அறையில் இல்லை. முதல் வரிசை ஓரத்தில், மடியில் வாழையிலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து பொட்டலத்தைப் பிரித்தாள். நான்கு மணிக்கே எழுந்து கட்டியது, இன்னும் முழுதாக விரியாத மல்லி. மாப்பிள்ளையின் அம்மா இரண்டு கையையும் நீட்டி வாங்கினார்கள். வாங்கியதும் உடனே தங்கைக்கு வைத்துவிடவில்லை. சரத்தைத் திருப்பிப் பார்த்து, "எவ்வளவு நெருக்கமா கட்டியிருக்கீங்க" என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா சிரித்துவிட்டாள். அப்புறம்தான் பூ வைத்தார்கள், மேளம் விழுந்தது.

சபையில் அழுதவர்கள் உண்டு. யாரும் முகம் சுளிக்கவில்லை.

இரண்டாம் பந்தியில் நான் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தபோது அத்தை இலையின் முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். என் கையைப் பிடித்து, "அண்ணனோட அந்த விசில் இன்னும் இருக்கா?" என்று கேட்டார்கள்.

பீரோவில் இருக்கிறது அத்தை, சாயந்திரம் வீட்டுக்கு வாங்க, எடுத்துத் தருகிறேன் என்றேன்.